சின்னத் திரையில் மறைத்த எண்

டேய், உன் பழைய போன் இப்போது என் மேசையில் கிடக்கிறது. மூலையில் விரிசல் விட்ட அதே போன். செவ்வாய்க்கிழமை ஐயப்பன்தாங்கலில் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது உன் மனைவி கொடுத்தாள். "சைட்டு சரியா தெரியுதான்னு இதுலதான பாப்பாரு, நீங்களே வச்சிக்கோங்கண்ணா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

காட்டுப்பாக்கத்து மாடி அறையில், டேபிள் என்ற அட்டவணைக் கட்டங்களுக்குள் படத்தை அடைத்து இணையப் பக்கம் செய்த காலத்தில் தொடங்கியவர்கள் நாம். பிறகு ஃப்ளெக்ஸ், கிரிட் என்று பக்கத்தை அடுக்கும் புது முறைகள் வந்தன. திரைக்குத் தக்கபடி பெட்டிகள் தாமே இடம் பார்த்து உட்கார்ந்தன. எனக்குப் பெரிய மானிட்டரில் அழகாகத் தெரிந்தால் போதும். நீயோ எதையும் இந்தப் போனில்தான் முதலில் பார்ப்பாய். எது எதை இடிக்கிறது என்று தெரிய ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் சிவப்புக் கோடு போடுவாய். "பெர்ய ஸ்கிரீன்ல எவன் வேணா அழகா கட்டுவான் மாமே. அவசரத்துல ஒருத்தன் கைல இன்னா கீதோ, அதுல தெரியணும்" என்பாய். நான் சிரிப்பேன்.

உன் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குத் தளம் செய்தோமே, அதன் பெயர் தமிழில் ஒரு முழ நீளம். சின்னத் திரையில் இரண்டு வரியாக மடங்கி, ஆம்புலன்ஸ் எண்ணைக் கீழே தள்ளி, பக்கத்தின் தலையே கோணிக்கொண்டது. அன்று நீ லீவு. பெயரைச் சிறிதாக்கினால் ஆஸ்பத்திரிக்காரர் கோபித்துக்கொள்வார். அதனால், சின்னத் திரையில் எண்ணைக் காட்டாதே என்று பக்கத்தின் நிரலில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டேன். அப்புறம் சரிசெய்யலாம் என்றுதான். மறுநாள் நீ கேட்டாய், "போன்ல பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றேன். நீ நம்பினாய். அதை மட்டும்தான் நீ பார்க்காமல் விட்டாய்.

ஒரு பகலில் உனக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வண்டி உடனே வந்துவிடும் என்று உன் மனைவி தன் போனில் தேடியது அந்த எண்ணைத்தான். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நீ போய்விட்டாய். எண் இருந்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. இது தெரியாமலேதான் நானும் சாகவேண்டும்.

காரியம் முடிந்த அன்றே, யாருக்கும் சொல்லாமல் அந்த வரியை அழித்தேன். அதுவே வினையாகிவிட்டது.

"நேத்து தொறந்து பாத்தேண்ணா" என்றாள் செவ்வாய்க்கிழமை. "நம்பரு மேலயே பெர்சா கீது. அன்னிக்கு என் கண்ணுல படாம பூட்ச்சே. நான்தாண்ணா அவர வுட்டுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அழாதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

இதோ, உன் போனில் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எண் பளிச்சென்று தெரிகிறது. இந்த முறை உண்மையாகவே பார்த்தேன். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.