போன ஆட்டத்து ஜோக்கர்

அப்பா, பேரன் பாசம் என்று பெயர் வைத்து உங்களைச் சம்பளமில்லாத டேகேராக வைத்திருந்தோம்.

இன்று உங்கள் பெட்டியைக் காலி செய்தேன். பக்கப் பையில் ஒரு சின்ன டப்பா. உள்ளே பிரஷர் மாத்திரைகள், எல்லாம் கத்தியால் பாதியாக வெட்டியவை. ஆறு மாதத்துக்கென்று சேலத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்தது. டேகேரில் குழந்தைக்கு இடம் கிடைக்கவில்லை என்று உங்கள் விசாவை நீட்டித்தோம். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை நீங்களே நீட்டித்துக்கொண்டீர்கள்.

நீங்கள் பாதி மாத்திரை போடுவதை அன்று நான் கண்டுபிடித்தபோது, "பாதி போட்டாலும் கேக்குது கண்ணு. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றீர்கள்.

அதற்கு முன்பே ரம்மி ஆடும்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோக்கர் மாறும். நீங்கள் போன ஆட்டத்து ஜோக்கரையே பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "என்னப்பா, அதுக்கு கிரீன் கார்டு குடுத்துட்டீங்களா?" என்று சிரித்தேன். காபி போடப் போய், பாலைக் காய்ச்சிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றீர்கள். கேட்ட கேள்விக்கு நீங்கள் வாய் திறப்பதற்குள் நாங்களே பதிலையும் சொல்லி முடித்தோம். வயதாகிவிட்டது என்றோம். எவ்வளவு வசதியான பேச்சு!

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஹைவே எல்லாம் ஓப்பனா இருக்கு. உள்தெருவெல்லாம் அடைஞ்சிருக்கு. மூளைல இருக்கிற ரொம்பச் சின்ன ரத்தக்குழாய்ங்க. பல வருஷத்து பிரஷர். பாதி மாத்திரை அதுக்கு இன்னும் வழி விட்டிருக்கு." ஞாபகம் உள்ளேதான் இருக்கிறது, எடுத்துவர நேரமாகிறது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது கஷ்டம் என்றார். அடைந்ததைத் திறக்க முடியாது. மேலும் அடையாமல் தடுக்கப் பார்க்கலாம்.

பார்த்தோம். முழு மாத்திரை, தினமும் நடை. ஜோக்கர் சீட்டை உங்கள் கண்ணெதிரே நிமிர்த்தி வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். ஒருநாள் நீண்ட யோசனைக்குப் பிறகு சீட்டுகளை விரித்தீர்கள். "ரம்மி! நீ சும்மா இருந்தா நான் ஜெயிப்பேன் கண்ணு."

நிமோனியா வந்து நீங்கள் போகும்வரை, ஒன்றரை வருடம், ஜெயித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

டப்பாவைப் பார்த்த பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வெளியே வந்தேன். பிரிட்ஜ்வாட்டர் என்ற இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஹரி எதிர்வீடு. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவன் அப்பா வந்திருக்கிறார். இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"எந்த ஊர் அங்கிள்?"

அவர் யோசித்தார். ஹரி வாயைத் திறந்தான். கைகாட்டி நிறுத்தினேன்.

"திருச்சிம்மா… உறையூர்" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

"வயசாச்சு. எல்லாமே ஸ்லோ" என்றான் ஹரி.

"வயசுன்னு சொல்லாத. கடைசியா எப்ப அப்பாவுக்கு பிரஷர் செக் பண்ணே?"

"விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல அதெல்லாம் கவர் ஆகாதுடி…"

"கார் சாவியை எடு. இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அங்கிள் குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கியிருந்தார்.