யாரும் கட்டாயப்படுத்தாத விரதம்

மச்சான்,

இன்று காலை முன்னறை சோபாவில் உட்கார்ந்தபோது குஷனில் அந்த எண்ணெய் மணத்தது. ஒலிவ் எண்ணெயில் ஏதோ வாசனை கலந்து சின்னப் போத்தலில் வைத்திருப்பார்களே, நெற்றியில் தொட்டு ஜெபிப்பதற்கு, அதே எண்ணெய். உன் கடைசி மாதங்களில் உன் சட்டைக் கொலரிலும் இதே மணம்தான் இருந்தது. நேற்று உன் அக்காவும் ஜெபக்கூட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் தோர்ண்டன் ஹீத்துக்கு, என் வீட்டுக்கே, வந்து போனார்கள். குஷன் உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டேன். மணம் போகவில்லை, சோபாவிலேயே ஊறிவிட்டது போலிருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு மேலே வந்து இதை எழுதுகிறேன்.

லண்டனில் ஆண்களை விரும்பும் தமிழ் ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் வலதுசாரிக் கட்சியின் நீல ரொசெட் பூவைக் கோட்டில் குத்திக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள் எனக்குத் தெரிந்து நீயும் நானும்தான். கட்சி அலுவலகத்தில் முதல் நாள் உன்னைக் கண்டபோது, இந்தத் தமிழன் வழி தவறி வந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். நீயும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தாயாம். மற்ற விஷயம் ஒருவருக்கொருவர் தெரியவர இன்னும் சில மாதங்கள் பிடித்தன. தெரிந்த அன்று இரண்டு பேரும் என் வான் வண்டிக்குள் இருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

எனக்குக் கட்சி என்றால் வரி மேல் இருந்த கோபம், அவ்வளவுதான். ஜெர்மனியிலிருந்து வந்து, ஒரு வான் வாங்கி, வயரிங் வேலை தொடங்கி, வற் வரி கட்டிக் கட்டி நொந்துபோனவன் நான். உனக்கு அது நம்பிக்கை. மனிதனுக்குக் குடும்பமும் வீடும் வேலையும் போதும் என்பாய். "நாங்கள் கலியாணம் கேட்டது புரட்சி செய்யவோ? மற்றச் சனம் மாதிரி மோர்ட்கேஜ் கட்டி, மற்றச் சனம் மாதிரிச் சண்டை பிடிக்கத்தானே கேட்டனாங்கள்" என்று நீ சொல்லும்போது கட்சிக்கார வெள்ளைக்காரர்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

வாக்குக் கேட்டுப் போன ஒரு வீட்டில் ஒரு அன்ரி வடையைக் கையில் தந்துவிட்டு, "இன்னும் கலியாணம் முடிக்கேல்லையே தம்பி?" என்று கேட்டார். "கட்சியைத்தான் முடிச்சிருக்கிறன் அன்ரி, சீதனம் ஒண்டும் தரேல்லை" என்றாய். அவர் சிரித்துச் சிரித்து எங்கள் துண்டுப்பிரசுரத்தை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் நீ சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி, வயிற்றில் இன்சுலின் ஊசியைப் போட்டாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்குச் சீனி வருத்தம். பேசிக்கொண்டிருந்த வசனத்தைக்கூட நீ நிறுத்தவில்லை. ஊசி உனக்குச் சப்பாத்து நாடா கட்டுகிற மாதிரி ஒரு வேலை.

வானவில் கொடி ஊர்வலங்களில் எங்களைக் கண்டால் எங்கள் ஆட்களே துரோகிகள் என்று கத்துவார்கள். கட்சி மாநாட்டிலோ சிலர் கைகொடுத்துவிட்டு அந்தக் கையைத் துடைப்பார்கள். இரண்டையும் நீ ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு தாண்டினாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும், அதே நேரம் எரிச்சலும் வரும்.

கட்சிக்குள் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குழு இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பப்பின் மேல்மாடியில் கூடுவோம். வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். உள்ளே ஓயாத சண்டை. திருநர் விஷயத்தில் சண்டை, பள்ளிப் பாடத்தில் சண்டை, அகதி விண்ணப்பங்களில் சண்டை. கடைசியாக அந்தத் தடைச் சட்டத்தின் பேச்சு வந்தது. ஒருவருடைய விருப்பத்தை மாற்றுகிறோம் என்று சொல்லி ஆலோசனையும் ஜெபமும் சிகிச்சையும் செய்வதைத் தடுக்கிற சட்டம். கட்சிக்கு எங்கள் குழு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி. முழுத் தடை வேண்டும் என்றது ஒரு பக்கம். வளர்ந்த மனிதர் தானாக விரும்பிப் போனால், அதுவும் வீட்டுக்குள் ஜெபம் என்றால், சட்டம் தலையிடக் கூடாது என்றது மற்றப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு நீ தலைவன்.

நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் எழுந்தது ஞாபகம் இருக்கிறதா? இளம் வயதில் அவளை வீட்டாரே அப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனார்களாம். "வீட்டில் சம்மதத்தை யாரும் கையை முறுக்கி வாங்குவதில்லை. சாப்பாட்டு மேசையில் வாங்குவார்கள். அம்மா அழுதால் போதும்" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

பிறகு நீ எழுந்தாய். உன் அம்மா ஜெபிப்பதற்கும் பொலிஸை அனுப்பச் சொல்கிறார்களா என்று கேட்டாய். "நான் வளர்ந்த மனிதன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியும். அரசாங்கம் என் வீட்டு வாசலோடு நிற்கட்டும்" என்றாய். என்ன கைதட்டல்! உன் பக்கம் வென்றது. நான் எதிராகக் கை தூக்கினேன். விக்டோரியாவிலிருந்து திரும்பும் ரயிலில் கிளப்பம் ஜங்ஷன் வரைக்கும் நீ வாய் திறக்கவில்லை.

"எனக்கெதிராக் கையைத் தூக்கிப்போட்டு என்ர பக்கத்திலேயே இருக்கிறாய், என்ன?"

"வேற சீற் இல்லை" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாய்.

அடுத்த ஆண்டு உன் அம்மா படுக்கையில் விழ, நீ குட்மேய்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினாய். உன்னை மாற்ற ஜெபிக்க வேண்டும் என்ற அம்மாவின் ஒரே ஆசையை எனக்குப் பகிடியாகத்தான் சொன்னாய். "சனிக்கிழமையில கொஞ்சப் பேர் வருகினம் மச்சான். நல்ல சனங்கள். பாட்டும் வடிவாப் பாடுவினம். அம்மாவுக்கு ஒரு சந்தோசம். எனக்கென்ன நட்டம்?" நானும் சிரித்தேன். பிறகு நீ கதவு தட்ட வருவதை நிறுத்தினாய். சனி ஞாயிறில் போன் எடுத்தால் அக்காதான் பேசுவார். நேரில் வந்தால் அக்கா அறையை விட்டு அசையமாட்டார். நான் ஒன்று கேட்டால் நீ முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாய். வாய் மூடாமல் பேசுகிற நீயா இது என்று நினைப்பேன்.

கடைசியாகக் கண்ட அன்று நீ வீட்டுச் செருப்போடு என் வான் வரைக்கும் வந்தாய். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாய். கதவடியிலிருந்து அக்கா கூப்பிட்டார்: "தம்பி, குளிருது, உள்ள வா." கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான் கூப்பிட்டார். நீ கையை எடுத்துவிட்டுப் போனாய்.

பிறகு நீ விரதம் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு வந்தது உன் சாவுச் செய்தி. டொக்டர் சீனி வருத்தம் என்று எழுதினார். அதில் பொய் இல்லை. செத்தவீட்டில் ஜெபக்கூட்டத்துக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, நீ அந்த ஆசையிலிருந்து சுகம் பெற்றுத்தான் போனாய் என்று சொன்னார். உன் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி என் கன்னத்தைத் தடவி, "நீயும் என்ர பிள்ளைதான்" என்றார். அன்றுதான் என் அம்மாவும் உன் அக்காவும் போன் நம்பரைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

என் அம்மாவை உனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். என் விஷயம் அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். மாதம் ஒரு முறை ஆர்ச்வேக்குக் கூட்டிப்போய் ஹைகேட் ஹில் முருகன் கோயிலில் இறக்கிவிடுவேன். உள்ளே என்ன கேட்கிறார் என்று எனக்கும் தெரியும். முருகனிடம் கேட்டுக் கிடைக்காததை வேறு இடத்தில் கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை.

இதற்கிடையில் குழுத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சட்டம் மறுபடியும் பேச்சுக்கு வருகிறதாம், குழு மறுபடியும் கூடுகிறதாம். உன் நினைவாக உன் பேச்சை நான் வாசிக்க வேண்டுமாம். நீ எப்படிப் போனாய் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. நான் இன்னும் பதில் போடவில்லை.

நேற்று அம்மா கூப்பிட்டு வந்தவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள், நீ சொன்னது சரி. அக்கா ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். என் நெற்றியில் எண்ணெய் தொட்டார். அவருக்கும் உன்னுடைய விரல்கள்தான். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, அவன் விரதம் இருக்கேக்க ஊசி போட்டவனோ?"

மற்ற இருவரும் கார்ப்பெட்டைப் பார்த்தார்கள். அக்கா என்னைத்தான் பார்த்தார். "அவனாத்தான் தம்பி வேண்டாமெண்டவன். நாங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை. ஊசி போட்டா நம்பிக்கை இல்லையெண்டு ஆயிடுமாம், அவன்தான் சொன்னவன். அவன் வளர்ந்த மனிசன். நாங்கள் என்னெண்டு மறிக்கிறது?"

சொல்லிவிட்டு அழுதார். நடிக்கவில்லை, மச்சான். உன்னை வளர்த்த பெண் அழுதால் எப்படி அழுவாரோ அப்படித்தான் அழுதார். அந்த மேல்மாடியில் நீ பேசிய பேச்சை அவர் கேட்டதே இல்லை, இருந்தும் அதைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான் அம்மா மெல்லக் கேட்டார்.

"அப்ப பிள்ளை, இவனும் விரதம் இருக்கோணுமோ?"

"முதல்ல ஒரு நாள் இருந்தாக் காணும் அன்ரி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர்கள் போன பிறகு அம்மா இரண்டு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்கு எதிரில் இருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். சீனியை நன்றாகக் கலக்கி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வாற சனி ஒரு நாள் மட்டும் இரன் தம்பி, எனக்காக. உனக்குச் சீனி வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே."

அந்தக் கடைசி வசனத்தைக் கவனி, மச்சான். நீ எதனால் செத்தாய் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். உன் கதையை நன்றாக யோசித்து, என் மகனுக்கு அந்த ஆபத்து இல்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, பாசத்தோடு கேட்கிறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி அம்மா" என்றேன்.

உனக்கெதிராகக் கை தூக்கியவன் நான். எல்லாவற்றையும் பார்த்தவனும் நான்தான். என் வீடு, என் மேசை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவு லேசாக அது என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம், சின்னப்பிள்ளைக்கு வருவது போல. இப்படி ஒரு முகத்துக்காகத்தான் நீ இரண்டாவது சனிக்கும் மூன்றாவது சனிக்கும் சரி சொல்லியிருப்பாய் என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

குழுக் கூட்டத்துக்கு நான் போவேன். உன் பேச்சை ஒரு சொல் விடாமல் வாசிப்பேன். வாசித்து முடித்து, இதைப் பேசியவன் எப்படிப் போனான் என்றும் சொல்வேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. உன்னோடு நான் பிடித்த சண்டை என்னோடுதான் இருக்கிறது, அதை அங்கே முடித்து வைப்பேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று 'இல்லை' என்று சொல்ல என்னால் முடியும். கீழே குசினியில் அம்மா எனக்குப் பிடிக்குமென்று புட்டு அவித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் அதே 'இல்லை'யைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.