பின்பக்கத்துக் கட்டடம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, காதுதான் சொன்னபடி கேட்பதில்லை. போன வாரம் நீ போனில் பேசியதில் பாதி விளங்காமலே "சரி சரி" என்று சொல்லிவைத்தேன். எதற்கெல்லாம் சம்மதித்தேனோ தெரியாது. இனிமேல் எழுதியே கேள்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் பதினோரு மாடி எழுப்பப் போகிறார்கள். தெருத் தண்ணீரெல்லாம் போய்ச் சேருகிற பள்ளம் அது. அதை மேடாக்கினால் தண்ணீர் நேரே என் தையல் அறைக்குத்தான் வரும். போன மழையில் கணுக்கால் அளவு வந்ததற்கே திரைச்சீலைத் துணி ஒரு கட்டு முழுவதும் கறை படிந்து போயிற்று.

தெருவில் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் தலைவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற நம் 'ஸ்டியரிங்' செயலாளர். நான் வெறுமனே சத்தம் போடுகிறவள்.

அடுத்து எழுதுவது உன்னோடு இருக்கட்டும். நகரசபை உறுப்பினர் எங்கள் மூவரையும் தனியாகக் கூப்பிட்டு, பள்ளமான இடங்களில் இரண்டு மாடிக்கு மேல் கூடாதென்று புது விதி வருகிறது, ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கெடுப்பு என்றார். கட்டடக் கம்பெனிக்காரர்கள் பழைய விதிப்படி அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இன்னும் ஒரு கடப்பாறைகூட விழவில்லை. புது விதி வருமுன் அஸ்திவார வேலையை உண்மையாக ஆரம்பித்துவிட்டால், பழைய அனுமதிப்படியே கட்டி முடிக்கிற உரிமை அவர்களுக்கு வந்துவிடுமாம். பிறகு யாராலும் தடுக்க முடியாது. "வெளிய மூச்சு விடாதீங்க" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். எங்கள் மூவருக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. கிரேன்மேல் ஏறும்போது அவசரப்படாதே.

அக்கா


மார்ச் 16

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. துறைமுகத்தில் இந்த மாதம் கப்பல் அதிகம், ஆகவே கிரேன் பழுதும் அதிகம். கையில் கிரீஸ் போகவே இல்லை. இந்தத் தாளில் தெரிகிற விரல் அடையாளத்தைப் பொறுத்துக்கொள். இந்த வருஷத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகு கைகள் சுத்தமாக இருக்கும், ஆனால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. என் வீட்டுக்காரி போன பிறகு இந்த வீடு எனக்கு வெறும் தூங்குகிற இடம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சில சந்தேகங்கள். தண்ணீர் உண்மையிலேயே எவ்வளவு உயரம் நிற்கும்? வடிகால் ஒழுங்காகப் போட்டால் சமாளிக்க முடியாதா? நாலாவது மாடியில் நின்று பார்த்தால் உன் மொட்டைமாடி தெரியுமா? கட்டுகிறவர்கள் எல்லாருமே மோசம் என்று நினைத்துவிடாதே அக்கா. குடியிருக்க வருகிறவர்களும் மனிதர்கள்தானே.

சும்மாதான் கேட்டேன்.

உன் தம்பி


மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. போன வாரம் ஒரு காலையில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். தரை அதிர்ந்து ஊசி தடம் மாறியது. எழுந்து பின் ஜன்னலைத் திறந்தால் மண் தோண்டும் இயந்திரங்களும் கம்பி ஏற்றிய லாரிகளும் வரிசையாக நிற்கின்றன. அன்றிலிருந்து கான்கிரீட் கொட்டுகிறார்கள். வாக்கெடுப்பு நாளைத் தெரிந்துகொண்டுதான் முந்திக்கொண்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்டியரிங்தான் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் படிக்கிற பிள்ளைகள் வண்டி பழகுவது அந்தக் காலி நிலத்தில்தான், கம்பெனி ஒருநாளும் அவரைத் தடுத்ததில்லை. சைட் சூப்பர்வைசரோடு அவர் நின்று டீ குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அது வெறும் டீயாகத் தெரிந்தது.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அவர் மெதுவாக, "நானா சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறீங்க?" என்றார். "வேற யாரு?" என்றேன். மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். ஸ்டியரிங் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். இப்போது நம் தெருப் பிள்ளைகள் யாரும் அவரிடம் வண்டி பழகப் போவதில்லை.

எனக்கு யாரைப் பார்த்தாலும் இவர் என்ன நினைக்கிறாரோ என்றிருக்கிறது. கடையில் ஒருவர் சிரித்தால்கூட எதற்குச் சிரித்தார் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

பாசமுள்ள அக்காவுக்கு,

ஸ்டியரிங்கை விட்டுவிடு. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு வீடு எனக்காகப் பதிவு செய்திருக்கிறேன். போன வருஷமே செய்தது. நீங்கள் குழு ஆரம்பிப்பதற்கு முன்னால். ஓய்வு பெற்று வந்து உன் பக்கத்திலேயே இருக்கலாம், மொட்டைமாடியில் நீ துணி காயப்போடும்போது மேலிருந்து கூப்பிடலாம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு சொல்லி உன்னை அசத்த வேண்டுமென்றிருந்தேன். மார்ச்சில் உன் கடிதம் வந்த பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நேற்றுக் கம்பெனி வக்கீல் போன் செய்தார். அனுமதியை நம்பித்தான் வீடு வாங்கினேன் என்று உங்கள் குழு கொடுத்த மனுவின் விசாரணையில் வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார். எதிர்ப்பக்கம் இருப்பது என் அக்கா, முடியாது என்றேன்.

கோபம் வரும், தெரியும். திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

வாக்கெடுப்பில் புது விதி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பின்னால் அஸ்திவாரம் முழுக்க எழுந்துவிட்டது. உனக்குச் சந்தோஷமான செய்தியாக இருக்கும்.

உன் பழைய கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தண்ணீர் எவ்வளவு நிற்கும், நாலாவது மாடியிலிருந்து என்ன தெரியும், எல்லாம் சும்மாதான் கேட்டாயா? ஸ்டியரிங் சொல்லவில்லை என்று அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு எப்படி அத்தனை நிச்சயமாகத் தெரியும்? சொன்னது யாரென்று தெரிந்தவனால்தானே அப்படி எழுத முடியும்?

அந்தத் தேதி நான்கு பேருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் வீடும் அதே பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சொல்லி அவருக்கு என்ன லாபம்? ஸ்டியரிங்குக்கும் பிள்ளைகள் பழகுகிற நிலம் போனதுதான் மிச்சம். கட்டடம் எழுந்தால் லாபம் உள்ளவன் நீ ஒருவன்தான். வக்கீல் உனக்குப் போன் போடுகிற அளவுக்குப் பழக்கமும் இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். சொன்னது நீதானா?

அக்கா


மே 5

அக்காவுக்கு,

நான் சொல்லவில்லை.

திரும்பக் கேட்காதே. திரும்பச் சொன்னால் இந்தப் பதிலுக்கு மதிப்பில்லாமல் போகும்.

தம்பி


ஜூன் 20

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. நாங்கள் தோற்றுவிட்டோம். வேலை புது விதிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டதால், பதினோரு மாடியும் கட்டுகிற உரிமை அவர்களுக்கு உண்டென்று தீர்ப்பு. தெருத் தண்ணீருக்குத் தனி வடிகால் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

எங்கள் வக்கீல் கம்பெனி வக்கீலைக் கேட்டார், தேதி உங்களுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று. நான் நாற்காலி நுனிக்கு வந்து நல்ல காதைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆள் கேள்வியே புரியாதவர் மாதிரி விழித்தார். "யாரு சொல்லணும்? நகரசபை வாசல்ல பலகையில ஒட்டியிருந்தாங்க. பேப்பர்லயும் வந்துச்சு. மூணு வாரம் முன்னாடியே போடணும்ங்கறது சட்டம்" என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள்.

உண்மைதான். உறுப்பினர் எங்களுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி காதோடு காதாகச் சொன்னார். ரகசியம் போலச் சொன்னதால் நாங்களும் ரகசியமென்றே வைத்துக்கொண்டோம். மனு கொடுக்க அந்த வாசல் வழியாக எத்தனை தடவை போயிருப்பேன். ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரில் உள்ளவர்கள் முகத்தைப் படிப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை.

ஸ்டியரிங் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். தப்பு என்மேல்தான் என்றேன். "நீங்க கேட்டதுகூடப் பரவாயில்ல அக்கா. அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூட, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு சொல்லல" என்றார். ஸ்கூலை ஊரின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார்.

நீ ஒருவன் சொன்னாய், தம்பி. அதற்காகவே உன்னைச் சந்தேகப்பட்டேன்.

எப்போது வருகிறாய்? கட்டடம் வந்தால் வரட்டும். மொட்டைமாடியில் நின்று கழுத்து வலிக்க நிமிர்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன். உடனே பதில் எழுது.

உன் அக்கா


ஜூலை 14

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். கோபம் எதுவும் இல்லை. கோபமிருந்தால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வீட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். உன் ஏப்ரல் கடிதம் வந்த வாரமே பேசத் தொடங்கியது, இப்போதுதான் முடிந்தது. தண்ணீருக்குப் பயந்து இல்லை. நாலாவது மாடியில் நான் விளக்குப் போட்டால் நீ கீழிருந்து பார்ப்பாய். ஒரு நாள் பார்த்துக் கையசைப்பாய். இன்னொரு நாள், யாரோ வந்திருக்கிறார்களே, எதற்கு என்று நினைப்பாய். நீ எதை நினைக்கிறாய் என்று மேலே நின்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். அப்படி இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து என்ன செய்யப் போகிறோம்?

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டேன். பழகிய இடம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து உன்னோடு நாலு நாள் தங்குவேன். மெஷினுக்கு மேடை ஒன்று செய்து தருகிறேன், தண்ணீர் வந்தாலும் மோட்டார் நனையாது.

வீட்டை எடுத்திருப்பது ஓர் இளம் தம்பதி. அவள் நர்ஸ், அவன் பஸ் ஓட்டுகிறான், கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. ஊருக்குப் புதுசு, யாரையும் தெரியாது. பின்வீட்டில் என் அக்கா இருக்கிறாள், எந்த அவசரத்துக்கும் போய்க் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே அக்கா. கதவைத் திற.

உன் தம்பி