ஆடிக்கு நான் ஆசியா, அவர் ஐரோப்பா

ஜூலை 6, ஞாயிறு

கல்யாணமாகி முப்பத்தோராவது நாள். இஸ்தான்புல் வந்து பன்னிரண்டாவது நாள்.

இன்று கலாட்டா பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களை எண்ணினேன். இடப்பக்கம் மட்டும் நூற்றுப் பதினேழு தூண்டில்கள். ஒரு மணி நேரத்தில் என் கண்ணெதிரே சிக்கிய மீன் முப்பத்தொன்று. எல்லாம் விரல் நீளம். கணவர் பரணிதரன் பக்கத்திலேயே நின்றார்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் வலப்பக்கம் இருக்கு.”

கூடவே வந்தார்.

பன்னிரண்டு வருடம் பூதலூர்ச் செய்தியாளராக இருந்தவளுக்கு ஒரு கூட்டத்தை எண்ணாமல் கடக்க முடியாது. இவர் இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் மென்பொருள் வேலை பார்க்கிறார். ஒன்றரை வருடத்தில் இந்த ஊரில் பார்த்தது வீடு, ஆபீஸ், நடுவே ஓடும் டிராம். கேட்டால், “தனியா என்னத்தப் பாக்குறது?” என்கிறார். நல்ல மனிதர். ஆனால் மனதில் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதைவிடக் கலெக்டரிடம் பேட்டி வாங்குவது சுலபம்.

எனக்கு ஆகஸ்ட் 17 வரை விடுப்பு. திரும்பி வருகிறேனா இல்லையா என்று அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் செய்தி ஆசிரியர் நாகநாதன் சாரிடம் சொல்ல வேண்டும். இவரைக் கேட்டேன். ‘இரு’ என்று சொல்லவில்லை. ‘போ’ என்றும் சொல்லவில்லை. “உன் இஷ்டம்” என்றார். இதற்கு என்ன தலைப்புப் போடுவது?

ஜூலை 13, ஞாயிறு

பூதலூரிலிருந்து அம்மா பேசினாள். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது, குறுவை நடவு முடிந்தது, அப்பாவுக்கு முட்டி வலி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “வியாழக்கிழமை ஆடி பொறக்குதுடி” என்றாள்.

புதுப்பெண்ணைத் தலை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். அந்த வெயிலைத் தாயும் பிள்ளையும் தாங்க மாட்டார்கள் என்பது காரணம்.

“அம்மா, இங்க சித்திரையில ஸ்வெட்டர் போடணும்.”

“வெயில் இல்லாட்டி போவுது. சீர்காழியில சம்பந்தி கேட்டா நான் என்ன சொல்றது? இந்த ஒரு மாசத்துக்காக அங்கேருந்து இங்க வர வேண்டாம். அக்கரையில அந்த மர்யம் வீட்டுல இரு. வெளியில எங்க வேணா போங்க, பாருங்க, பேசுங்க. மாப்பிள்ளை வீட்டு வாசப்படிய மட்டும் மிதிக்காத.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் முடிக்குமுன் பரணி, “சரிங்கத்தை” என்றார்.

அவர் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் நான் பத்து வார்த்தை மறுத்திருப்பேன். மறுக்கலையே. ஏன் மறுக்கல? வந்து மூணு வாரம்கூட முழுசா ஆகல. அதுக்குள்ள ‘சரிங்கத்தை’யா?

ஜூலை 16, புதன்

குடி மாறிவிட்டேன். இந்த ஊரின் நடுவே கடல் ஓடுகிறது. ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. எங்கள் வீடு ஐரோப்பாவில். மர்யம் அக்கா வீடு உஸ்குதாரில், ஆசியாவில். ஆடிக்காக ஒரு தம்பதியைக் கண்டம் விட்டுக் கண்டம் பிரித்தது இதுவே முதல் தடவையாக இருக்கும். உறுதிப்படுத்த ஆள் இல்லை.

மர்யம் அக்கா நாகூர்க்காரர். துருக்கிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இருபது வருடமாக இங்கே இருக்கிறார். போன நோன்பில் பரணியைக் கூப்பிட்டுக் கஞ்சி கொடுத்தவர். கணவரிடம் ஆடியை விளக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த மனிதர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“என்னக்கா சொல்றாரு?”

“‘சண்டை போட்டுட்டு வந்ததுதானே, மறைக்காம சொல்லச் சொல்லு’ங்குறாரு புள்ள.”

ஜூலை 17, வியாழன்

ஆடி 1. ஆசியா. சாப்பாடு நன்று. கணவர் இல்லை.

ஜூலை 19, சனி

காலைப் படகில் வந்து இறங்கினார். இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு மடிப்பில்லை.

ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: இடத்தை ஒரு நாள் நான் சொல்வது, ஒரு நாள் அவர் சொல்வது, போனில் வரைபடம் பார்க்கக் கூடாது, வாயைத் திறந்து வழி கேட்க வேண்டும். இன்று அவர் முறை. காடிக்கோய்ச் சந்தை. வழி கேட்கச் சொன்னால் வெட்கப்பட்டு, தெருவில் படுத்திருந்த பூனையிடம் கேட்டார். பூனை எழுந்து நடந்தது. பின்னாலேயே போனோம். மீன் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து நான் ஏழு பேரிடம் விசாரித்ததில் ஐந்து விதமான வழிகள் கிடைத்தன.

திரும்பும்போது படகுத்துறையில், எள் தூவிய வளைய ரொட்டியை அவர் கடிக்கப் போன நேரம் ஒரு கடற்பறவை அப்படியே பிடுங்கிக்கொண்டு போயிற்று. வெறும் கையைப் பார்த்தபடி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரி. நல்லா சிரி” என்றார். கோபம் மாதிரி இல்லை.

ஜூலை 23, புதன்

கடலுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. அவர் ஆபீஸ் பக்கத்தில் ஏறினால் நான்காவது நிமிடம் உஸ்குதார். திங்கள் முதல் தினமும் ஆபீஸ் விட்டதும் வந்துவிடுகிறார். எட்டு மணிக்கு மர்யம் அக்கா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

“மாப்புள, ஒங்க கண்டத்துக்குக் கெளம்புங்க.”

நான்கு நிமிடத் தூரத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கரையில் இருக்கும் பாலாத்துக்குப் போயிருந்தோம். ஏணி மாதிரி செங்குத்தான தெருக்கள், நீலமும் மஞ்சளுமாய் வீடுகள். நடுவில் மழை. என் குடையும் ஸ்வெட்டரும் எங்கள் வீட்டில் இருந்தன. இருவரும் வீட்டு வாசல் வரை வந்தோம். படிக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன்.

“யாரு பாக்கப் போறா?” என்றார்.

“அம்மா கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது.”

அவர் மட்டும் மேலே போனார். இங்கே மாடியில் இருப்பவர்கள் கயிற்றில் கூடையை இறக்கிக் கடைக்காரரிடம் ரொட்டி வாங்குவார்கள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அப்படி ஒரு கூடை ஆடி ஆடி வந்தது. குடை, ஸ்வெட்டர், ஃபிளாஸ்க்கில் டீ. கூடவே நான் தேடிக்கொண்டிருந்த பழைய செருப்பு, அதுவும் ஒற்றை. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து கை தட்டினாள்.

“இன்னொண்ணு எங்க?” என்று கத்தினேன்.

“அதுக்கு நாளைக்கு வா!” என்று மேலிருந்து பதில்.

இந்த ஆளுக்குள் இப்படி ஒருவர் இருக்கிறாரா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஆடிப்பெருக்குச் செய்தி நான் கொடுக்கவில்லை. கை சும்மா இருக்கவில்லை. ஆகவே:

இஸ்தான்புல், ஆக. 3: ஆடிப்பெருக்கை முன்னிட்டு இங்குள்ள கோக்சு ஆற்றங்கரையில் இன்று காலை பக்தர்கள் திரண்டனர். பக்தர்கள் எண்ணிக்கை இரண்டு. பூனைகள் மூன்று. கடலில் பெருக்கு கும்பிடக் கூடாது என்று பெண் பக்தரின் தாயார் பூதலூர் அகிலாண்டம் அம்மாள் போனில் கண்டிப்பாகக் கூறியதால், கடலில் கலக்கும் இந்தச் சிற்றாற்றைத் தேடி உஸ்குதாரிலிருந்து பஸ்ஸில் வந்ததாகப் பக்தர்கள் தெரிவித்தனர். வெல்லம் கிடைக்காததால் காப்பரிசியில் திராட்சைப் பாகு சேர்க்கப்பட்டது. மர்யம் அக்காவின் தையல் நூலில் மஞ்சள் தடவி ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் கட்டிக்கொண்டனர். ஆண் பக்தர் ஐந்து முடிச்சுப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “அவுந்துடக் கூடாதுல்ல” என்றார். போலீஸ் பாதுகாப்பு எதுவும் இல்லை.

எங்கள் கல்யாண மாலைகளை அம்மா பத்திரமாக வைத்திருந்து இன்று பூதலூரில் ஆற்றில் விட்டாளாம். வீடியோ அனுப்பினாள். இரண்டும் சேர்ந்தேதான் போயின.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மர்யம் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். “ஒம் மாப்புள கெட்டிக்காரரு புள்ள. ஜூலை மூணாந்தேதியே வந்து, ஆடிக்கு ரூம் தருவீங்களான்னு கேட்டுட்டாரே.”

மூணாந்தேதி. அம்மா போன் பண்ணுனது பதிமூணாந்தேதி.

அப்ப அம்மாவா சொன்னா? இவரு ஏற்பாடு பண்ணி, அம்மா வாயால சொல்ல வெச்சிருக்காரு. அம்மாவுக்கு மர்யம் பேரு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் ஏன் கேக்கல? ஊருல உள்ளவனையெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்டவ, சொந்த வீட்டுல கோட்ட விட்டுட்டேன். வந்து ஒம்பதே நாள்ல என்னை அனுப்பணும்னு தோணியிருக்கு. அப்புறம் கூடை எதுக்கு? அஞ்சு முடிச்சு எதுக்கு? போகச் சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே. தஞ்சாவூர் ஆபீஸ்ல எனக்கு ஒரு நாற்காலி இருக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

தலைவலி, வர வேண்டாம் என்று பரணிக்குச் சொல்லி அனுப்பினேன். நாகநாதன் சாருக்கு ‘18-ம் தேதி வேலைக்கு வந்துவிடுகிறேன்’ என்று எழுதினேன். அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

படகுத்துறையில் உட்கார வைத்து நேராகக் கேட்டேன். தேதியோடு.

அவர் மறுக்கவில்லை. காதுமடல் சிவந்தது.

“ரெண்டாந்தேதி எங்கம்மா பேசுனாங்க. ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சுட்டாங்க. ஆடிக்கு உன்னைய பூதலூருக்கு அனுப்பிடணும், டிக்கெட் போடுன்னாங்க.”

“போட வேண்டியதுதானே?”

“பூதலூருக்கும் உங்க ஆபீஸுக்கும் எவ்வளவு தூரம்?”

“இருபது கிலோமீட்டர்.”

“அதான். நாகநாதன் சார்கிட்ட நீ போன்ல சிரிச்சுப் பேசுனத கேட்டேன். என்கிட்ட அப்ப நீ அப்படிச் சிரிச்சதே இல்ல. அங்க போயிட்டா திரும்ப மாட்டன்னு தோணிச்சு. அதான் அக்கரையில ஒரு வீடு பாத்தேன். எங்கம்மா, ‘ஒரே ஊருல இருந்தா அது பிரிஞ்சதா ஆகுமாடா’ன்னாங்க. ‘வேற கண்டம்மா’ன்னேன். கண்டம்னா அவங்களுக்குச் சரியாத் தெரியல. தூரம்னு நெனச்சு விட்டுட்டாங்க. அப்புறம் உங்கம்மாகிட்டயும் மர்யம் அக்கா வீட்டப் பத்திச் சொன்னேன்.”

“இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா, ‘போகாத’ன்னு சொன்ன மாதிரி ஆயிடும். பன்னெண்டு வருஷ வேலை. நான் எப்படிச் சொல்றது?”

பிறகு அவரே சொன்னார். “டிசம்பரோட என் கான்ட்ராக்ட் முடியுது. மேல போடப் போறதில்ல. நீ இருந்தாலும் போனாலும் ஜனவரியில நான் ஊருல இருப்பேன்.”

நான் கேட்காமலே கிடைத்த பதில். எழுதிக்கொள்ளக் கையில் நோட்டு இல்லை. ஒரு வார்த்தையும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாகநாதன் சாரிடம் பேசினேன். டிசம்பர் வரை சம்பளமில்லா விடுப்பு கேட்டேன்.

“ஐப்பசி கார்த்திகையில புயல் வந்தா வேதாரண்யத்துக்கு யாரம்மா போறது? நானா?”

“நம்ம வானதி போகும் சார்.”

“அப்ப பூதலூரையும் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துருவேன். நீ திரும்பி வந்தா ஆபீஸ்ல டெஸ்க் வேலைதான். பேனாவும் ஃபேனும். சம்மதமா?”

பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மதகும், ஒவ்வொரு வி.ஏ.ஓ.வும் எனக்குத் தெரிந்த பகுதி.

“சம்மதம் சார்.”

மத்தியானம் கொஞ்சம் அழுதேன். பிறகு வானதிக்கு நூற்று நாற்பது தொலைபேசி எண்களையும், யார் பொய் சொல்வார்கள் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன்.

பரணியிடம் சொன்னபோது, “உன் இஷ்டமா?” என்றார்.

“என் இஷ்டம்தான்.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி 1. மர்யம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பா நிறையச் சோறு கட்டிக் கொடுத்தார். பரணி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படகு ஐரோப்பாவில் இறக்கிவிட்டபோது மணி பதினொன்று. அங்கிருந்து வீட்டுக்கு டிராமில் பத்து நிமிடம்.

டிராம் வந்தது. இருவரும் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது.

டீக்கடைக்காரரிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துறைக்கே திரும்பினோம். புறப்படத் தயாராக ஒரு படகு நின்றது. ஓடிப்போய் ஏறினோம்.

பாதிக் கடலில் அம்மா கூப்பிட்டாள். பரணி எடுத்தார்.

“வீட்டுக்குப் போயாச்சா மாப்ளே? நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள போயிடுங்க.”

“இன்னும் இல்லிங்கத்தை. படகுல இருக்கோம்.”

“இப்ப எங்க போறீங்க?”

பரணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏறும்போது இது எங்கே போகிற படகு என்று இருவருமே கேட்கவில்லை.