கணப்புக்குக் காவல்

மூன்று வாத்துகள் பப்,
ஓட்டர்ஸ்வெய்ட்.

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் "அப்பா போயிட்டாரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மேலே பேசியிருந்தால் அழுதிருப்பேன். என் அழுகைதான் உனக்குத் தெரியுமே, பக்கத்துப் பண்ணை மாடுகள் பதில் குரல் கொடுக்கும்.

ஊரில் விசேஷம், பாதிரியாருக்குப் புதுப் பல்செட். பிரசங்கம் முழுக்க விசில்தான். பப்பில் முதல் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காத நம் நார்மன் மாமா இன்னும் ஒவ்வொரு பீருக்கும் "தண்ணி கலந்துட்டியா, டோரீன்?" என்று என்னைக் கேட்கிறார்.

"இருநூறு வருஷமாக அணையாத நெருப்பு" என்று நம் வாசல் பலகையில் எழுதிய புண்ணியவானை நான் திட்டாத நாளில்லை. தேனிலவுக்கு முதலில் உன் அப்பா இரண்டு நாள் கடற்கரைக்குப் போய்வந்தார், பிறகு நான் போனேன். கணப்புக்கு விறகு போட ஒருவர் வேண்டுமே! விடுதிக்காரி என்னை விதவை என்று நினைத்து ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

உன் கல்யாணத்துக்கும் நார்வே வரை நான் மட்டும்தான் வந்தேன். "அப்பாவுக்கு நான் முக்கியமா, அடுப்பு முக்கியமா?" என்று நீ கேட்டதை வந்து அப்படியே சொன்னேன். அவர் கணப்பில் இன்னொரு கட்டையை எடுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை, அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நார்மனைக் காவல் வைத்துவிட்டு ஓடினேன். கையைப் பிடித்ததும் உன் அப்பா கேட்டது, "கணப்பை யார் பாத்துக்கறா?" "நார்மன் இருக்காரு, நீங்க சும்மா படுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கதவிடுக்கில் நார்மனின் வழுக்கைத் தலை! மனசு கேட்காமல் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். பின்னால் பப் கூட்டமே நின்றது.

"டேய் மொட்டை, நீ இங்க நின்னா அங்க யாருடா?" என்று சிரித்தார் உன் அப்பா. நார்மன் தேம்பித் தேம்பி அழுதார்.

எல்லாரும் வெளியே போன பிறகு உன் அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்நேரம் அணைஞ்சிருக்கும். ஒண்ணும் ஆகலியே, டோரீன். அப்ப நாம ரெண்டு பேருமே பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

திரும்பி வந்தால் வெறும் சாம்பல். "பத்த வெச்சிரட்டுமா? ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்" என்று தீப்பெட்டியோடு நின்றார் நார்மன். வேண்டாம் என்றேன். குளிருக்கு எல்லாரும் கோட்டைக் கழற்றாமலே குடிக்கிறார்கள். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. நார்மன் பீரைக்கூடக் குறை சொல்லவில்லை.

அடக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. உன் கல்யாணத்துக்கென்று அப்பா தைத்த கோட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, அதைத்தான் அவருக்குப் போட்டுவிடப் போகிறேன். முதல் முறையாக நானும் உன் அப்பாவும் சேர்ந்து வெளியே கிளம்புகிறோம், ரோவெனா. வீட்டில் யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை.

வந்துவிடு, கண்ணே. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். எங்கே போனாலும் சேர்ந்தே போங்கள்.

உன்
அம்மா