பச்சை திரும்புகிறாள்

வெள்ளிமலை
7.7.2025

அன்புள்ள ஜெபீனாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வரைகிற அவசரத்தில் சாப்பிட மறக்காமல் இருந்தால். பஸ் ஓட்டுகிற நாராயணசாமி அண்ணன் பள்ளிக்கூட வாசலிலேயே வண்டியை நிறுத்தி உன் பென் டிரைவைக் கொடுத்தார். "உங்க ஃபிரெண்டு குடுத்தாங்க டீச்சர், சட்டைப் பையிலயே வெச்சிக்கினு வந்தேன்" என்றார். டவர் இல்லாத இந்த மலையில் நமக்கு அவர்தான் வாட்ஸ்அப்.

மதியம் பள்ளிக்கூட லேப்டாப்பில் நம் அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். இந்த மலையில் மூன்று வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், இவ்வளவு அழகாக நான் இதைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தாளிலும் நீ புதிதாக வண்ணம் பூசியதால் மலையே மூச்சு விடுகிறது.

ஆனால் ஒன்று. உன் படத்தில் எல்லாப் பச்சையும் தெரிகிறது, நம் கதாநாயகி பச்சையைத் தவிர. அக்கா பச்சையும் தங்கையும் போடுகிற சண்டையை நான் இரண்டு பக்கம் எழுதினேன். நீ அதை மூன்று நொடியில் முடித்துவிட்டு மூடுபனிக்கு அரை நிமிஷம் கொடுத்திருக்கிறாய். அவள் ஏன் கோபித்துக்கொண்டு மில் வேலைக்குக் கிளம்புகிறாள் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

முடிவு இன்னும் வரவில்லையே? குறும்பட விழாவுக்கு அனுப்ப ஆகஸ்ட் கடைசிதான் கெடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் கோகிலா


கள்ளக்குறிச்சி
11.7.2025

அன்புள்ள கோகிலா,

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அத்தாவின் கண்ணாடிக் கடை மாடியில், அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடியின் மேல் குனிந்து குனிந்து என் கழுத்தே போய்விட்டது. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். 'பனி இறங்குகிறது' என்பது உனக்கு ஒரு வரி. எனக்கு அது மாசக்கணக்கு.

அந்தப் பனிதான் அவளுடைய கோபம். நீலமாக ஆரம்பித்து எப்படிச் சாம்பலாகிறது என்று நீ கவனிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஆள் வந்துதான் சொல்ல வேண்டுமென்றால் நீ மேடை நாடகம் எழுதியிருக்கலாமே, என்னிடம் எதற்கு வந்தாய்?

முடிவையும் அனுப்பியிருக்கிறேன். நான் வரைந்ததிலேயே நல்லது இதுதான். அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவை நாராயணசாமி அண்ணன் வழியில் காலி செய்யாவிட்டால் அதுவும் வந்து சேரும்.

ஜெபீனா


வெள்ளிமலை
14.7.2025

ஜெபீ,

முறுக்கு வந்தது. முடிவும் வந்தது. முறுக்கு நன்றாக இருந்தது.

நான் எழுதிய கடைசி வரி இதுதான்: 'பஸ் கிளம்புகிறது. பச்சை திரும்புகிறாள்.' நீ வரைந்திருப்பது என்ன? ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கழுத்தைத் திருப்புகிறாள். முகத்தில் வெயில் விழுகிறது, கண் கலங்குகிறது, பஸ் போய்விடுகிறது.

திரும்புகிறாள் என்றால் திரும்பி வருகிறாள், ஜெபீனா! பஸ்ஸை விட்டு இறங்கித் தங்கையிடம் வருகிறாள். மொத்தக் கதையும் அதற்காகத்தானே? கழுத்தைத் திருப்ப ஒரு கதை எதற்கு? தயவுசெய்து மாற்று.

கோகிலா


கள்ளக்குறிச்சி
18.7.2025

அடிப்பாவி கோகிலா,

உன் தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'வீட்டுக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் உன் பேனா தேய்ந்தா போயிருக்கும்? விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு மாற்ற மனமில்லை. அவள் இறங்கிவிட்டால் அந்த முகத்துக்கே வேலையில்லை.

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். "நல்லாகீதும்மா. ஆனா அந்தப் பொண்ணு அழுதுகினு யாரைப் பாக்குது?" என்றார். மலையைப் பார்க்கிறாள் என்றேன். "மலையைப் பாத்து இன்னாத்துக்கு அழுவணும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நீ சந்தோஷப்படுவாய் என்று தெரிந்தும் எழுதிவிட்டேன்.

இன்னொரு செய்தி. பெங்களூரில் ஒரு கம்பெனி என் பனிக் காட்சியைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கதையைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அத்தாவும் சரி சொல்லிவிட்டார். 27ஆம் தேதி ஞாயிறு காலை பஸ். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வா, கோகிலா. நீ வராமல் நான் எப்படிப் போவது?

ஜெபீ


வெள்ளிமலை
21.7.2025

ஜெபீனாவுக்கு,

வாழ்த்துகள்.

உனக்கு ஏன் அந்த முடிவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. நீ போவதற்கு முன்னால் பச்சையை அனுப்பிப் பார்த்திருக்கிறாய். அப்படியே வைத்துக்கொள். கதை என்று என் பெயரைப் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

கோகிலவாணி


பெங்களூர்
10.8.2025

அன்புள்ள கோகிலா,

இனி நமக்கு நாராயணசாமி அண்ணன் கிடையாது, கூரியர்தான்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வெள்ளிமலை வண்டி உள்ளே வந்தது. இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். என் பஸ் கிளம்பியது, திரும்பிப் பார்த்தேன். நான் வரைந்த அதே வெயில்தான். பார்க்க ஆள் இல்லை. அம்மா கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இங்கே பகலெல்லாம் யாருடைய படத்துக்கோ மேகம் வரைகிறேன். அறைக்கு வந்ததும் நம் படம். பனியில் பாதியை வெட்டிவிட்டேன், வயிறு எரிந்தது. அந்த இடத்தில் உன் சண்டையை வரைந்தேன். கடைசியில் பச்சை திரும்பும்போது இப்போது ரோட்டில் தங்கை நிற்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைகூட ஆட்டாமல் நிற்கிறாள். மூக்கு யாருடையது என்று உனக்கே தெரியும்.

பஸ்ஸை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

உன் பெயரைப் போட்டுவிட்டேன். அழிக்கச் சொல்வதென்றால் மாசக் கடைசிக்குள் எழுது.

ஜெபீ


வெள்ளிமலை
19.8.2025

ஜெபீ,

படம் வந்தது. என் மூக்கு அவ்வளவு பெரிதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் நீ போவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேற்று படத்தில், ரோட்டில் நிற்கிற அந்தத் தங்கையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அழுதேன்.

என் பெயர் இருக்கட்டும். பச்சையும் போகட்டும், நீ வரைந்தபடியே திரும்பட்டும்.

நீ மட்டும் நான் எழுதியபடி திரும்பு.

உன் கோகிலா