வளர்பிறை எட்டு, தேய்பிறை எட்டு

மார்ச் 4

இன்றும் தோற்றேன். நானூறு ஐஸ் பார் வேண்டும் என்றது என் கம்ப்யூட்டர். துறைமுகத்துக்கு வந்த மீனோ சொற்பம். நூற்றெழுபது பார் ஐஸ் பாக்டரி முற்றத்தில் உருகி ஓடியது. மேஸ்திரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்து போனார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒரு பார் உறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே நாளை மறுநாள் எத்தனை வேண்டும் என்று இன்றே சொல்லியாக வேண்டும். இருபது வருஷமாக மேஸ்திரி வாயால் சொல்கிறார். நான் ஆறு வருஷத் தரவை வைத்துச் சொல்கிறேன். முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: ஏப்ரல் முழுக்க இருவரும் சொல்ல வேண்டும், யார் எண் நெருங்கி வருகிறதோ அந்த நாள் அவருக்கு. மேஸ்திரியை ஜெயித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மே முதல் தேதி நான் வீட்டில். நாற்பத்தாறு வயதில் டேட்டா சயின்ஸ் படித்துவிட்டு வந்தவளை வேறு யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 9

பிழைகளை மட்டும் தனியாக வரைந்து பார்த்தேன். ஏறி இறங்குகிறது. ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு இருபத்தொன்பது நாள், முப்பது நாள், மறுபடி இருபத்தொன்பது — அட, நிலா. வெளிச்சத்தில் மீன் கலைந்துவிடும், வலை காலியாக வரும். துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். காற்று, கிழமை, டீசல் விலை எல்லாம் கொடுத்தேன், இதைக் கொடுக்கவில்லை. மடச்சி.

நிலாக் கணக்கென்றால் என் தம்பிதான். பஞ்சாங்கம் கணிப்பது அவன் தொழில். ஆனால் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. சொந்தக்காரர்கள் எதிரில் இதெல்லாம் ஒரு கணக்கா என்று சிரித்தவள் நான். எந்த முகத்தோடு போய் நிற்பது? மாட்டேன்.

மார்ச் 10

தம்பி எதற்கு, இன்டர்நெட் இருக்கிறதே. நிலா தினமும் எத்தனை சதவீதம் வெளிச்சம் என்று இறக்கிச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 15

கொஞ்சம்தான் குறைந்தது. அமாவாசை, பௌர்ணமி சரியாக வருகிறது. நடுவில் உதைக்கிறது. ஏன்?

மார்ச் 16

போனேன்.

மார்ச் 17

நேற்று எழுதக் கை வரவில்லை. கதவைத் திறந்தவன் "வா" என்று மட்டும் சொன்னான். சர்க்கரை போடாமல் டீ கொடுத்தான். எனக்குச் சுகர் வந்ததை இவனுக்கு யார் சொன்னது?

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"அக்கா, இங்கயும் ஐம்பது, அங்கயும் ஐம்பது போட்டிருக்க. இது வளர்பிறை அஷ்டமி, அது தேய்பிறை அஷ்டமி. ரெண்டும் ஒன்னா?"

பாதி நிலா பாதி நிலாதானே என்றேன்.

"அவங்க வலை போடறது எப்போ?"

"பொழுது சாஞ்சதும்."

"வளர்பிறைல அப்போ நிலா உச்சியில இருக்கும். தேய்பிறைல பாதி ராத்திரிக்கு மேலதான் வரும். வலை போடற நேரம் கும்மிருட்டு."

இரண்டு எட்டாம் நாளையும் நான் ஒரே எண்ணாக்கியிருக்கிறேன். அவன் தொழில்காரர்கள் மாதத்தை இரண்டு பிறையாகப் பிரித்து, ஒவ்வொரு திதியும் முடியும் நாழிகைவரை காலங்காலமாகக் கணித்து வைத்திருக்கிறார்கள். நான் தூக்கிப் போட்டது அந்தப் பிரிவைத்தான்.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்புடா" என்றேன். அவன் அலமாரியிலிருந்து நோட்டுகளை எடுத்தபடி, "ஆறு வருஷம் போதுமா, பத்து வருஷத்துக்கு வேணுமா?" என்றான். அழுதுவிட்டேன். அவன் பார்க்காத மாதிரி நோட்டுகளை எண்ணினான்.

மார்ச் 22

முப்பது திதியையும் தனித்தனியாகக் கொடுத்து ஓட்டினேன். பிழை பாதிக்கும் கீழே. நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன். அதேதான். சமையலறையில் தனியாக ஆடினேன். கணவர் எட்டிப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11

பதினொரு நாளில் ஒன்பது எனக்கு.

ஏப்ரல் 19

மேஸ்திரி வந்து, மிஷின் திடீரென்று எப்படித் தேறியது என்று கேட்டார். நிலாவைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதைத்தாம்மா நானும் பாக்கறேன். நீங்க கேக்கவே இல்லையே." உண்மைதான், கேட்கவில்லை. ஆனால் பிறையோடு காற்றையும் கிழமையையும் விலையையும் சேர்த்து ஒரே நேரத்தில் எடைபோட மனுஷ மூளைக்கு முடியாது. அதனால்தான் ஜெயிக்கிறேன். அவர்மேல் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் எதற்கு.

ஏப்ரல் 30

இருபத்திரண்டுக்கு எட்டு. ஜெயித்தேன். வேலை நிரந்தரம். கடைசி ஒரு வாரத்தில் முற்றம் காய்ந்தே கிடந்தது. முதலாளியம்மா கேட்ட அறிக்கையில் தம்பி பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். மேஸ்திரி இனி தன் ஊகத்தையும் தினமும் என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி.

மே 20

பக்கத்துத் துறைமுகத்து ஐஸ் பாக்டரியிலிருந்து போன் வந்ததாம். எனக்கில்லை, தம்பிக்கு. தங்களுக்கும் இதேபோல் கணித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் உடனே ஒத்துக்கொண்டு, பிறகுதான் எனக்குச் சொல்கிறான்.

"கம்ப்யூட்டர் பாக்க ஒரு ஆள் வேணும்னு சொல்லியிருக்கேன் அக்கா. ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று பிகு பண்ணிக்கொண்டேன். லேப்டாப்பை இப்போதே பையில் எடுத்து வைத்தாயிற்று.